எலுமிச்சை இனித்த கதை

எலுமிச்சம்பழம் இனிக்கிறதாம்! ஊரே வாயைப் பிளந்துகொண்டு ஓடியது.

மோட்டார் பட்டறைக்குப் பின்னால் ஒரு சின்ன மரம். எங்கோ மழைக்காட்டிலிருந்து கொண்டுவந்து நட்டதாம். கிளையெல்லாம் சிவப்புச் சிவப்பாய்ப் பழம். அதனடியில் தித்திப்புச் சாமியார். பழத்தை வாயில் போட்டு, மூச்சுவிடாமல் மென்றுகொண்டிருக்க வேண்டும். அவர் மந்திரம் முணுமுணுப்பார்; சக்தியெல்லாம் அதில்தானாம். பிறகு எலுமிச்சையைக் கடிக்க வேண்டும். இனித்தால் நோய் ஓடிவிட்டதாம்! எல்லாருக்கும் இனித்தது. ஓடிய நோய் எங்கே போயிற்றென்று ஒருவரும் கேட்கவில்லை. காணிக்கை போன இடம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

என் அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. கால்விரலில் ஆறாத புண். அவளுக்கும் இனித்தது. அன்றைக்கே இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டாள். இரண்டே வாரத்தில் விரல் கறுத்துப்போயிற்று.

"அக்கா, இப்படியே விட்டா காலையே எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரே!"

"போடா! அந்த டாக்டரு எலுமிச்சையை இனிக்க வைப்பாரா?"

இதற்கு எந்த மருத்துவக் கல்லூரியில் பதில் கிடைக்கும்?

என் மனைவி மறுநாள் அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் வரிசையில் நின்றாள்.

"சாமி, எங்க அண்ணிக்கு மந்திரம் மட்டும் போதும். பழம் வேண்டாம்."

சாமியார் திருதிருவென விழித்தார். "ரெண்டும் வேணும்மா."

"சக்தி மந்திரத்துலதான்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

கூட்டம் "ஆமா, ஆமா" என்றது. வேறு வழியில்லாமல் முணுமுணுத்தார். அக்கா பக்தியோடு கடித்தாள். முகம் கோணிப்போயிற்று.

"ஐயையோ, புளிக்குதுடி!"

"நம்பிக்கை போதாது!" என்று உறுமினார் சாமியார்.

"அப்ப நம்பிக்கையே இல்லாத என்னைப் பாருங்க." என் மனைவி எட்டி ஒரு பழம் பறித்தாள். மென்றாள். மந்திரம் சொல்ல வாயெடுத்தவரைக் கையமர்த்தினாள். சற்றுப் பொறுத்து எலுமிச்சையைச் சொட்டு விடாமல் உறிஞ்சினாள். "தேனா இனிக்குது! இந்தப் பழத்தோட குணமே இதுதான். கொஞ்ச நேரம் நாக்கை ஏமாத்தும், அவ்வளவுதான். சந்தேகம்னா நீங்களே பறிச்சுத் தின்னு பாருங்க!"

கொஞ்ச நேரத்தில் மரம் மொட்டை. மந்திரமே இல்லாமல் ஊர் முழுக்க எலுமிச்சை சப்பியது. சாமியார் உண்டியலைத் தூக்கிக்கொண்டு சுவரேறிக் குதித்துவிட்டார்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். கால் தப்பியது, விரல் போய்விட்டது.

நாக்கு ஏமாந்தால் ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். போன விரல் எந்தச் சாமியார் முணுமுணுத்தாலும் முளைக்காது. தலை என்று ஒன்று இருக்கிறதே ஐயா, அதைக் கும்பிடக் குனிவதற்கு மட்டும்தானா வைத்திருக்கிறீர்கள்?