தகரச் சட்டைக்குள் நான், தரையில் சம்மந்தி

தாமிரபரணித் தண்ணீர் வரப்போகிறது, குழாய் பதிக்கிறோம் என்று ராஜபாளையத்துத் தெருக்களையெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்களே, அந்த வருடம் நடந்தது இது. எங்கள் தெருக் குழிக்குள் ஒரு எருமை விழுந்து, அதைத் தூக்க ஊரே கூடியது. எருமையைத் தூக்கின எட்டாம் நாள் நான் மாட்டிக்கொண்டேன். எருமைக்காவது கயிறு கட்ட இடம் இருந்தது.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. பேரெழுதத் தெரியும். பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிப்பேன் (எழுத்தைப் பார்த்து இல்லை, டிரைவர் முகத்தைப் பார்த்து). இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள் முத்துமாரிதான் எழுதுகிறாள். தொழில், ட்ரங்குப் பெட்டி செய்வது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சந்துக்குள் கடை.

பெட்டி விஷயத்தில் எனக்குக் கர்வம் அதிகம். மகாராஜபுரத்தில் ஒரு வீட்டில் சாவியைத் தொலைத்துவிட்டு, என் பெட்டியை இரண்டு நாள் கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்து, முடியாமல் மாட்டு வண்டியில் ஏற்றி என்னிடமே கொண்டுவந்தார்கள். உள்ளே கல்யாணப் பட்டு. அவர்கள் என்னைத் திட்டிய திட்டு ஒவ்வொன்றும் எனக்குப் பொன்னாடை மாதிரி இருந்தது. சரி, அது வேறு கதை.

அந்தச் சமயத்தில்தான் ஜெயந்தி என்று ஒரு டீச்சர் அம்மா கடைக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர். கையில் இரண்டு படம். ஒன்றில் தலை முதல் கால் வரை இரும்பு போட்ட ஒரு ஆள். இன்னொன்றில் கொம்பு வைத்த தொப்பியும், சின்னச் சின்ன வில்லைகளைக் கோத்த சட்டையுமாக ஒரு ஆள்.

"அய்யா, இவர் ஐரோப்பாவுல நைட்டு. இவர் ஜப்பான்ல சாமுராய். ரெண்டு பேருமே குதிரை வீரங்கதான். கண்காட்சிக்கு இந்த ரெண்டு சட்டையும் செஞ்சு தரணும்."

"இம்புட்டு இரும்பைச் சுமந்துக்கிட்டு எதுக்கும்மா அலைஞ்சாக?"

"பிரபு நிலம் குடுப்பாரு. அதுக்குப் பதிலா, கூப்பிட்ட நேரத்துக்கு இவங்க சண்டைக்குப் போகணும்."

"நம்ம பாளையக்காரர் மாதிரியா?"

டீச்சர் அம்மா ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார். "அய்யா! கிட்டத்தட்ட அதேதான். எம் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் சொல்லியும் இது ஏறல!"

என் தலை அப்போது கொஞ்சம் வீங்கியது. வீங்கின தலையோடு எல்லாவற்றுக்கும் சரி என்று ஆட்டினேன். போட்டுக்கொள்ளப் போகிற பையன்களின் அளவைத் தாளில் எழுதி நீட்டினார். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "ம், ம்" என்று சொல்லி ஆணியில் குத்தி வைத்தேன். பாளையக்காரரைப் பற்றிப் பேசிய வாயால், எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. டீச்சர் போனதும் ஒரு சணலை எடுத்து என் உடம்பையே அளந்துகொண்டேன். ஆம்பளை உடம்பு எல்லாம் ஒன்றுதானே என்று நினைப்பு.

நைட்டு சட்டை எனக்குப் பெட்டி வேலை மாதிரியே வந்தது. முன்னுக்கு ஒரு தகடு, பின்னுக்கு ஒரு தகடு, கைக்குக் குழாய், தலைக்கு ஒரு டப்பா, அதற்கு முகத்தில் ஒரு மூடி. சாமுராய்தான் படுத்திவிட்டார். அது தகர வேலையே இல்லை, பின்னல் வேலை. மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் சுப்பையாவிடம் போனேன். நாடாக் கட்டில் பின்னுகிறவர்.

சுப்பையாவை எனக்கு வேறொரு வகையிலும் தெரியும். அவர் மகனுக்கு என் முத்துமாரியைப் பேசிக்கொண்டிருந்தோம். பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையனுக்கும் பிடித்திருந்தது, இவளுக்கும் பிடித்திருந்தது. (எழுதுகிறவள் இந்த வரியை விடப் பார்த்தாள், நான் விடவில்லை.) ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் சுப்பையா இல்லை, அவருடைய அக்கா காளியம்மாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். மரியாதையில் ஒரு இம்மி குறைந்தாலும் அந்தம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஒருத்தன் காபி டம்ளரை இடது கையால் நீட்டினான் என்று ஒரு சம்பந்தத்தையே வேண்டாம் என்றவர்.

அப்படிப்பட்டவரே சம்மதித்து, கண்காட்சி நடக்கிற அன்று மூன்று மணிக்குள் எங்கள் வீட்டுக்கு வந்து பூ வைக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு நல்ல நேரம் இல்லை. வருகிற வழியில் கல்லூரியில் என்னையும் சுப்பையாவையும் வேனில் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. இது தட்டிப்போனால் முத்துமாரி இன்னொருவன் முன்னால் வந்து நிற்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

காலையில் கிளம்பும்போது என் வீட்டுக்காரி வாசல் வரை வந்து சொன்னாள்: "மாப்பிள்ள வீட்டுக்காரவுக முன்னாடி அந்தப் பெட்டிக்கடை வெறைப்பெல்லாம் வேண்டாம். கொஞ்சம் வளைஞ்சு நெளிஞ்சு நடந்துக்கோங்க."

குட்டியானை வண்டியில் சட்டையை ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். சுப்பையா எனக்கு முன்பே வந்திருந்தார். அவர் கொண்டுவந்ததை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தேன். நீலப் பிளாஸ்டிக் டிரம்மை வெற்றிலை அளவுக்கு நறுக்கி, கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு, சிவப்பு நாடாவால் வரிசை வரிசையாகக் கோத்திருந்தார். தூக்கினால் பாம்புச் சட்டை மாதிரி வழிந்தது.

"அண்ணாச்சி, ஒங்க வேலைக்கு முன்னாடி இது என்ன," என்றார் சுப்பையா. அவர் அப்படித்தான் பேசுவார்.

நைட்டு வேஷக்காரப் பையன் வந்தான். ஆறடி. என் தகரம் அவன் தொப்புளோடு நின்றுவிட்டது. டீச்சர் அம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அய்யா, அளவு எழுதிக் குடுத்தேனே?"

"தகரம் வெயிலுக்குச் சுருங்கும்மா," என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அரை மணியில் கூட்டம் வந்துவிடும். டீச்சர் அம்மாவுக்குக் கண் கலங்கியது. கடைசியில் நானே போட்டுக்கொள்வது என்று ஆனது. ஒரு பக்கம் கிழவனும் ஒரு பக்கம் பையனும் நின்றால் நன்றாயிருக்காது என்று சுப்பையா சாமுராய் ஆனார்.

படத்தில் விலாப்பக்கம் தோல் வார் இருந்தது. தோலுக்கு நான் எங்கே போவேன்? பெட்டிக்குப் போடுகிற நாதாங்கியையே இரண்டு பக்கமும் வைத்து, அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு இரண்டு மாட்டியிருந்தேன். சுப்பையாதான் அமுக்கினார். டக். டக். கழுத்துத் தகட்டோடு தலை டப்பாவும் சேர்ந்து இறுகியது.

பிறகு டீச்சர் அம்மா மைக்கைப் பிடித்துப் பேசினார். அந்த முக்கால் மணி நேரத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். தகரத்துக்குள் என் மூச்சு கொல்லன் துருத்தி மாதிரி எனக்கே கேட்டது. முகமூடியின் இரண்டு ஓட்டை வழியாக உலகம் வந்தது.

"இந்த ரெண்டு பேரும் பூமியோட ரெண்டு கோடியில வாழ்ந்தவங்க. ஒருத்தரை ஒருத்தர் கண்ணால பார்த்ததில்ல. ஆனா ரெண்டு எடத்துலயும் மனுசன் ஒரே மாதிரி ஏற்பாடு பண்ணியிருக்கான். நிலம் குடுக்கிறவன் ஒருத்தன், அதுக்கு உயிரைக் குடுக்கிறவன் ஒருத்தன்."

எனக்குத் தகரத்துக்குள்ளேயே மயிர் சிலிர்த்தது. யார் போய் யாருக்குச் சொல்லியிருப்பார்கள்? அப்போது போனா இருந்தது?

நைட்டு, பிரபு முன்னால் ஆயுதத்தை வைத்துவிட்டு மண்டியிட்டு, கூப்பிய இரண்டு கையையும் பிரபுவின் கைக்குள் வைத்துச் சத்தியம் பண்ணுவானாம். பிரபுவும் பதிலுக்குக் காப்பேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். பிரபு வாக்குத் தவறினால் கேட்க இவனுக்கு வழி உண்டு. சாமுராய்க்கு அந்தக் கொடுக்கல் வாங்கல் பேச்சு குறைவு. அப்பன் எந்த வீட்டுக்கு உழைத்தானோ அந்த வீட்டுக்கே மகனும், பேரனும். காலம் போகப் போக நிலம் போய், சம்பளத்தை அரிசியாகவே அளந்தார்களாம். சண்டைக்காரனே உட்கார்ந்து பாட்டும் எழுதுவானாம். மானம் போனால் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்வதும் உண்டாம். அரிசி வாங்குகிறவன், பாட்டுக் கட்டுகிறவன், மானத்துக்குச் சாகிறவன். ஜப்பான்காரன் நம் பக்கத்து ஊர்க்காரன் மாதிரி தெரிந்தான்.

கை தட்டி முடிந்தது. சுப்பையா தோளில் ஒரு முடிச்சை இழுத்தார். சாமுராய் சட்டை மாலை மாதிரி கழன்று தரையில் விழுந்தது.

"அண்ணாச்சி, சாவி?"

பெட்டி விற்கும்போது சாவியைக் கைப்பிடியில் கட்டிக் கொடுப்பது என் வழக்கம். இந்தச் சட்டைக்கு ஏது கைப்பிடி? அதனால் பத்திரமாக என் சட்டைப் பையில் போட்டிருந்தேன். சட்டை தகரத்துக்குள் இருந்தது. நான் சட்டைக்குள் இருந்தேன். இரண்டு சாவியும் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தன. குழாய்க் கை நெஞ்சுவரை மடங்காது.

வாட்ச்மேன் இரும்பு அறுக்கிற பிளேடு ஒன்றைக் கொண்டுவந்து அறுத்தார். பிளேடு உடைந்தது. நல்ல தகடு, நல்ல நாதாங்கி. அன்றைக்குத்தான் மகாராஜபுரத்துக்காரர்கள் பட்டது எனக்குப் புரிந்தது. என் தகரக் கத்திரியோ ராஜபாளையத்தில் ஆணியில் தொங்குகிறது.

மணி ஒன்றே முக்கால். கல்லூரி வாசலில் வேன் வந்து நின்றது. பூக்கூடை, பழத்தட்டு, பால்கோவாப் பெட்டியோடு காளியம்மாள் இறங்கி வந்தார்.

"ஏலே சுப்பையா, பொண்ணோட அப்பா எங்கடா?"

"உள்ள இருக்காருக்கா."

"உள்ளன்னா எந்த ரூம்புல?"

"இந்தா, இதுக்குள்ள."

சுப்பையா முகமூடியைப் பெட்டி மூடி மாதிரி திறந்துவிட, நான் சிரித்தேன். கும்பிடவும் பார்த்தேன். இரண்டு கையும் நெருங்கி வந்து, ஒரு முழ தூரத்தில் நின்றுவிட்டன. ஏதோ பூசணிக்காயின் அளவைக் காட்டுகிற மாதிரி இருந்திருக்கும். அந்தம்மா என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நாங்க வாரோம்னு தெரியும்ல? ஒரு கும்பிடு போட ஏலாதோ?"

"கை சேரல தாயி," என்றேன்.

வேனில் அப்படியே ஏற்றிப்போகலாம் என்றால் எனக்கு இடுப்பு மடங்கவில்லை. "படுக்கப் போட்டு ஏத்திருவோமா?" என்றார் டிரைவர்.

"பூ வைக்கப் போற வண்டியில ஆளைப் படுக்க வெச்சுக் கொண்டுபோறதா? நல்லாருக்கே!" காளியம்மாளின் குரல் ஏறியது. "சுப்பையா, எனக்குச் சகுனமே சரியாப் படல. வண்டியைத் திருப்பச் சொல்லு."

அந்த ஒரு சொல்லில் எனக்கு வேர்வை நின்றுபோனது. என் மகள் அங்கே தலை வாரிக்கொண்டிருப்பாள். நான் இங்கே எழுத்துத் தெரியாத வெட்கத்தை மறைக்கப் போய் அவள் வாழ்க்கையைப் பூட்டி நிற்கிறேன். சாமுராய் ஏன் வயிற்றைக் கிழித்தான் என்று புரிந்தது. எனக்கு அதற்கும் வழியில்லை, வயிற்றின் மேல் தகரம்.

சுப்பையா என்னைச் சுற்றி வந்தார். தகட்டுக்கும் இடுப்புக்கும் நடுவில் நாலு விரல் சந்து. தன் பையிலிருந்து, நாடாவை இழுக்கிற வளைந்த கம்பியை எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏலே, என்னடா செய்யப்போற?"

"கீழ இருந்து கம்பியை விட்டுச் சாவியை எடுக்கப்போறேன்."

"பொண்ணு வீட்டுக்காரன் காலடியில நீ மண்டி போடுவியா? நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாக?"

சுப்பையா தன் அக்காவை எதிர்த்து ஒரு சொல் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"எக்கா, நான் கட்டில் பின்னுறவன். தெனமும் மண்டி போட்டுத்தான் சோறு திங்கிறேன். நீயும் தெனமும் மண்டி போட்டு அடுப்பூதித்தான் என்னைய ஆளாக்குன. அப்பல்லாம் போகாத மரியாதை இப்ப எங்கக்கா போயிரும்?"

சொல்லிவிட்டுச் சிமெண்டுத் தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சம்மந்தி, செத்த நேரம் மூச்சை இழுத்துப் பிடிங்க."

அதுவரை அண்ணாச்சி. பூ வைக்கவில்லை, தட்டு மாற்றவில்லை, அவராகவே சம்மந்தி என்றார். இத்தனை நேரம் கேட்ட வீரர்களில் எவனும் எனக்கு அந்த ஆளைவிட உயரமாகத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை எட்டவில்லை.

கம்பி உள்ளே நுழைந்தது. இங்கே இன்னொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு விலாவில் கூச்சம் அதிகம்.

முதலில் பல்லைக் கடித்தேன். பிறகு "ஹிக்" என்றேன். பிறகு உடைந்துவிட்டேன். நான் சிரிக்கச் சிரிக்கத் தகரம் முழுவதும் தடதடவென்று ஆடியது. முகமூடி தானாக விழுந்து மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து அண்டாவுக்குள் அகப்பட்ட கோழி மாதிரி சத்தம்.

"ஆடாதீக சம்மந்தி, பக்கத்துல வந்துட்டேன்!"

"அய்யோ, அங்க இல்ல, அங்க இல்ல!"

பிள்ளைகள் உருண்டார்கள். டீச்சர் அம்மா மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போது என் கால்பக்கம் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தேன். காளியம்மாள் குனிந்து நின்று, தன் செல்போன் டார்ச்சைச் சந்துக்குள் அடித்துக்கொண்டிருந்தார். உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார், ஆனால் வயிறு குலுங்கியது.

"ஏலே, வலது பக்கம்டா. இன்னுங் கொஞ்சம் மேல. பொண்ணு எடுக்கப்போற எடத்துல ஆளைச் சிரிக்க வெச்சே கொன்னுபுடாத!"

இரண்டு சாவியும் வந்தன. வேன் பறந்தது. எங்கள் தெருவில் குழி இருந்ததால் முனையிலேயே இறங்கி, பழத்தட்டோடு எல்லாரும் ஓடினோம். மூன்று மணி ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது காளியம்மாள் முத்துமாரி தலையில் பூ வைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே வைத்ததில் பூ கொஞ்சம் கோணல்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில், பெண்ணைப் பெற்றவன் முறைப்படி மாப்பிள்ளை வீட்டாரைக் குனிந்து கும்பிட்டு அழைக்கப் போனேன். சுப்பையா என் இரண்டு தோளையும் பிடித்து நிமிர்த்திவிட்டார். "நான் ஏற்கெனவே குனிஞ்சாச்சு. இப்ப நீங்க குனிஞ்சா சரிக்குச் சரி ஆயிரும். அது ஆகக்கூடாது."

இன்றுவரை ஆகவிடவில்லை. பேரன் பேத்திகளுக்கு நான் நைட்டுத் தாத்தா, அவர் சாமுராய்த் தாத்தா. இரண்டு பேரும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்பார்கள். காளியம்மாள்தான் பதில் சொல்வார்: "டார்ச்சு அடிச்சவ ஜெயிப்பா."

இதைக் கேட்டவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூச்ச விஷயத்தையும் விடாமல் சொல்லுங்கள், எனக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது. உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது பூ வைக்க வந்து உட்கார்ந்திருந்தால் அங்கேயும் போய்ச் சொல்லுங்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்தால், அந்தம்மா காதில் விழும்படி கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.