செருப்பு டொக்டர் வந்த ஞாயிறு

கண்டிப் பக்கத்துப் போதகர்மார் பிசாசுக்குப் பயப்படுகிறவர்கள் அல்ல. மேலிடத்துக்குக் கொஞ்சம் பயப்படுவோம், மனைவிமாருக்கு நிறையவே பயப்படுவோம். ஆனால் ஒருவர் பஸ் ஏறிவிட்டார் என்ற செய்தி வந்தாலே எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வரும் என்றால், அந்தப் பெருமை செருப்பு டொக்டர் ஒருவருக்குத்தான்.

அவர் டொக்டரும் இல்லை, செருப்புக் கடை வைத்திருப்பவரும் இல்லை. எங்களைப் போல அவரும் ஒரு போதகர். கண்டிக்கு வெளியே மலைச்சரிவில் இருக்கும் இறையியல் கல்லூரியில் நான் படித்தபோது, ஏற்கனவே ஒரு சபையில் ஊழியம் செய்துவிட்டு மேற்படிப்புக்காக வந்து எங்கள் விடுதியில் தங்கியிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை அவருடைய அடையாள அட்டையைத் தவிர வேறு யாரும் பாவிப்பதில்லை.

பட்டம் கிடைத்த கதை இது. பரீட்சையில் "ஆரோக்கியமான சபையின் அடையாளங்களை விளக்குக" என்று ஒரு கேள்வி. நாங்கள் எல்லோரும் ஜெபம், ஐக்கியம், அருட்பணி என்று தாள் தாளாக எழுதித் தள்ளினோம். கை வலித்தவர்கள் வசனங்களை எழுதிப் பக்கத்தை நிரப்பினார்கள். டொக்டர் எழுதியது ஒரே வரி: "வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்க்க." விரிவுரையாளர் பூச்சியம் போட்டார். ஆனால் மறுநாள் காலை அதே விரிவுரையாளர் சிற்றாலய வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் செருப்புகளையே பார்த்தபடி நின்றதை விடுதி முழுவதும் கண்டது.

எங்கள் பக்கத்துச் சின்னச் சபைகளில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். டொக்டர் எந்தக் கோயிலுக்குப் போனாலும் உடனே உள்ளே போகமாட்டார். குந்தியிருந்து செருப்புகளைப் பரிசோதிப்பார். செருப்பின் முனைகள் ரோட்டைப் பார்த்து இருந்தால், "ஆமென் சொல்றதுக்கு முன்னாடியே ஓடப் போறாங்க. பிரசங்கத்தைக் குறை" என்பார். ஒரு சோடி மட்டும் மேல்படியில் தனியாக இருந்தால், "இங்க ஒருத்தர் சிம்மாசனம் போட்டு ஒக்காந்திருக்காரு. பொருளாளரா?" என்று கேட்பார். அநேகமாகப் பொருளாளராகத்தான் இருக்கும். புதுச் செருப்பைப் பையில் போட்டு உள்ளே கொண்டுபோகிறவர்களைக் கண்டால் தலையில் கை வைத்துக்கொள்வார். "பக்கத்துல நின்னு பாட்டுப் படிக்கிறவனையே நம்பல. இவங்க எப்படி மோட்சத்துல ஒண்ணா இருக்கப் போறாங்க?"

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை கூடுவோம். சனிக்கிழமை பழைய விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்லியே சாப்பிடுவோம். பிறகு தேநீர்க் கேத்தலுக்குள் சீட்டுப் போட்டு எடுப்போம். யாருக்கு யார் விழுகிறாரோ அவர் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சபைக்குப் போய்ப் பிரசங்கிக்க வேண்டும். சபைகள் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ஏற்பாடு. டொக்டர் அதில் சேர்ந்த பிறகு, கேத்தலுக்குள் கை விடும்போது ஜெபிக்காத ஆள் கிடையாது.

கண்டி நகரத்துப் போதகர் ஒருவர் தந்திரமாகச் செருப்பு வைக்கும் தட்டு ஒன்றைச் செய்து, ஒவ்வொரு சோடியையும் கல்யாண வீட்டுப் பலகாரம் போல அடுக்கிவைத்தார். டொக்டருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"நோயாளிக்குப் பவுடர் பூசி எங்கிட்டக் கொண்டாறியா?"

இன்னொரு சபையில் செருப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. டொக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பிரசங்க மேடையில் ஏறி, "இந்த மாதிரி சபைய நான் என் ஆயுசுல பார்த்ததில்ல. பணக்காரன் ஏழைன்னு இல்லாம எல்லாம் ஒண்ணா கெடக்கு" என்று புகழ்ந்துகொண்டே போனார். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, "ஐயா, அது பேக்கரி நாயோட வேலைங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இப்படித்தான் பண்ணுது" என்றார். டொக்டர் சற்றும் அசரவில்லை. "அப்ப அந்த நாயை மொதல்ல கமிட்டியில சேருங்க" என்று சொல்லிவிட்டுப் பிரசங்கத்தைத் தொடர்ந்தார்.

ஊரார் அவஸ்தையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த எனக்குக் கடைசியில் கேத்தல் பதில் சொன்னது. சீட்டை விரித்தேன். டொக்டர்.

வேறு எந்த வருஷமாக இருந்தாலும் சமாளித்திருப்பேன். குண்டசாலையில் என் சபை அப்போது இரண்டாக உடையும் நிலையில் இருந்தது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கோ தூக்கம் போயிருந்தது. சண்டை பாட்டின் வேகத்தைப் பற்றியது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்குத் தலைவி, ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை. சிலருக்கு அவர் டீச்சர், மற்ற எல்லோருக்கும் மிஸ். கீர்த்தனையில் ஒரு வரியை மிஸ் இழுக்கத் தொடங்கினால், அது முடிவதற்குள் பேராதனையில் புறப்பட்ட பஸ் கண்டிக்கு வந்து சேர்ந்துவிடும். மறுபக்கம் மஹய்யாவயிலிருந்து இங்கே வீடு கட்டி வந்த மலையகக் குடும்பங்கள். அவர்களுக்குத் தலைவர், டோல்கி மேளம் அடிக்கும் தாஸ். அவர் அடிக்கிற வேகம் இருக்கிறதே, முன்னால் போகும் பஸ்ஸை முந்தப் பார்க்கிற தனியார் பஸ் வேகம். தாஸ் மூன்றாம் சரணத்தில் நிற்கும்போது மிஸ் பல்லவியில் இருப்பார். இரு பக்கமும் விட்டுக்கொடுக்காது. நடுவில் நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பேன்.

முதலில் பாட்டில் பிரிந்தார்கள். பிறகு கதிரையில், பிறகு தேநீரில். கடைசியில் காலையில் ஒரு சாராருக்கும் மாலையில் ஒரு சாராருக்குமாக ஆராதனையைப் பிரித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. முடிவெடுக்கும் கூட்டம் அந்த ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன். அப்படிப் பிரிந்த சபை திரும்பச் சேர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பிள்ளைகள் இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போவதைப் பார்க்கும் தகப்பனைப் போல இருந்தேன்.

டொக்டர் தூறலில் நனைந்தபடி தான் இருக்கும் கலகெதரையிலிருந்து பஸ்ஸில் வந்து கண்டியில் இறங்கி, அங்கிருந்து த்ரீவீலில் வந்து சேர்ந்தார். காலில் வார் அறுந்து செப்புக் கம்பியால் தைத்த பழுப்புச் செருப்பு. வந்ததும் வாசலில் குந்தினார். இடப்பக்கம் யாழ்ப்பாணச் செருப்பு. வலப்பக்கம் மலையகச் செருப்பு. நடுவில் அவர் வந்த த்ரீவீலே போகலாம், அவ்வளவு இடைவெளி.

"எவ்வளவு நாளா இப்படி?"

"எனக்குத் தெரியலையே அண்ணே."

"எப்படித் தெரியும்? நீ பின்கதவால போறவன்தானே."

உண்மைதான். போதகர்மார் நாங்கள் எல்லோரும் பின்கதவால் அங்கி அறைக்குப் போய், அங்கியைப் போட்டுக்கொண்டு நேரே பீடத்துக்கு வந்துவிடுவோம். சபையின் முன்வாசலை நாங்கள் பார்ப்பதே இல்லை.

ஆராதனை தொடங்கியது. பிரசங்கத்துக்கு முந்திய கீர்த்தனையை மிஸ் எடுத்தார், தாஸ் துரத்தினார். நான் திரும்பிப் பார்த்தபோது டொக்டரின் கதிரை காலியாக இருந்தது. வயிறு சரியில்லையாக்கும் என்று நினைத்தேன். தாஸ் பாட்டை முடித்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, தண்ணீரும் குடித்த பிறகு மிஸ் கடைசி வரியை முடித்தார். அந்த நேரத்தில் டொக்டர் உள்ளே வந்தார். தலை, சட்டை எல்லாம் ஈரம்.

மேடையில் ஏறி, ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவிய பகுதியை வாசித்தார். வேதத்தை மூடினார்.

"காலைப் பத்தி நாம இன்னும் கொஞ்சம் யோசிக்கணும். ஆமென்."

அவ்வளவுதான் பிரசங்கம். தூங்கத் தயாரானவர்கள் கண்ணை மூடக்கூட நேரம் இல்லை. சபை திகைத்துப்போய்க் கடைசி ஜெபத்துக்கு எழுந்தது. எல்லோரும் வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுக் கூட்டத்துக்கு வரலாம் என்று அறிவித்தேன். அவர்கள் போனார்கள். அடுத்த கணம் வாசலில் ஒரு கூக்குரல் எழுந்தது.

செருப்புகள் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. சோடி சோடியாகக்கூட இல்லை. இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எதிரே இருக்கும் சலீம் நானா கடையில் மழைக்காலத்தில் நீல வார் ரப்பர் செருப்பைத் தவிர வேறெதுவும் வராது. இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பேதமில்லாமல் சபையில் பெரும்பாலானோர் அதைத்தான் போடுகிறோம்.

"என்ரை செருப்பில ஒண்டு இஞ்ச கிடக்கு. மற்றதைக் காணேல்லை!" என்றார் மிஸ்.

தாஸ் குவியலுக்குள் தலையை விட்டிருந்தார். "டீச்சர், இதுவா பாருங்க."

"அது ஆம்பிளையளின்ரை, தம்பி. கொஞ்சம் சின்னனாப் பாரும்."

"இது?"

"இது சரி. ஆனா இதுவும் இடதுகால்."

பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவைதான். மழை பிடித்துக்கொண்டது. வாசல் கூரைக்குக் கீழே இரண்டு கட்சியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஒருவர் காலை மற்றவர் பிடித்து அளவு பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பலர் இரண்டு இடதுகாலோடு வீடு போனார்கள். கூட்டத்தைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

"யார் வேலை இது?" என்று கேட்டார்கள்.

"நாயா இருக்கும்" என்றார் டொக்டர்.

எங்கள் ஒழுங்கை முழுவதும் எந்த வீட்டிலும் நாயே கிடையாது. கடை வாசலிலிருந்து சலீம் நானா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "நாய் இல்ல பாஸ்டர். ஒங்கட கூட்டாளிதான் மழையில குனிஞ்சி குனிஞ்சி கலக்கிக்கிட்டு ஈந்தாரு. என்ட கண்ணால கண்டேன். அடுத்த முறை செய்யக்குள்ள முந்தியே சொல்லச் சொல்லுங்க, நான் ஸ்டொக் எடுத்து வெக்கணும்."

பின்கதவில் விட்டிருந்த என் செருப்பும் அந்தக் குவியலில்தான் இருந்தது. ஒன்று கிடைத்தது, மற்றதைக் காணவில்லை. அதன் இடத்தில் செப்புக் கம்பி தைத்த பழுப்புச் செருப்பு ஒன்று கிடந்தது. காலுக்கு ஒரு நிறமாகப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினேன். டொக்டர் நின்றுகொண்டிருந்தார். அவர் காலிலும் ஒன்று பழுப்பு, ஒன்று நீலம்.

"ஏன் அண்ணே இப்படிச் செஞ்சீங்க?"

அவர் குனிந்து தன் இரண்டு நிறக் கால்களையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "என் மொத சபை ரெண்டாப் போச்சு, தெரியும்தானே? அன்னைக்கு நான் ஒற்றுமையப் பத்தித்தான் பிரசங்கம் பண்ணேன். எல்லாரும் நல்லா இருந்திச்சுன்னாங்க. அடுத்த ஞாயிறு பாதிப் பேர் வரல. வெளிய வந்து வாசலைப் பார்த்தேன். ஒரு பக்கத்துல மட்டும் செருப்பு கெடந்திச்சு. எத்தனையோ நாளா ரெண்டாத்தான் கெடந்திருக்கு. நான் பின்கதவால போயிக்கிட்டிருந்தேன்டா."

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்று மட்டும்தான். என் கண்ணும் நனைந்தது. அந்த நேரம் பார்த்து பஸ் வந்துவிட்டது.

"அண்ணே, என் செருப்பு!"

"வேணும்னா கலகெதரைக்கு வந்து வாங்கிக்க" என்று சொல்லி ஏறிவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் எங்கள் சபையில் வீடு சந்திப்பு நடந்தது. நான் பத்து வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத காரியம். பைக்குள் ஒற்றைச் செருப்போடு ஆளாளுக்குப் படியேறி இறங்கினார்கள். புதன்கிழமை தாஸின் மனைவி எனக்குப் போன் பண்ணினார். "ஐயா, எங்க வீட்டுக்காரரு செருப்பு மாத்தப் போறேன்னு டீச்சர் வீட்டுக்குப் போனாரு. இப்ப போன் பண்ணா, தாளம் படிச்சிட்டிருக்கேன்னு சொல்றாருங்க."

அடுத்த ஞாயிறு, அந்த நீலத்தையும் பழுப்பையும் மற்றவர்களின் செருப்புகளோடு கழற்றிவிட்டு, நான் முன்வாசலால் உள்ளே போனேன். கீர்த்தனை வந்தது. தாஸ் வழக்கம்போல ஓடினார், மிஸ் வழக்கம்போல இழுத்தார். ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் தாஸின் கை டோல்கிக்கு மேலே அப்படியே நின்றது, மிஸ் வந்து சேரும்வரை. மிஸ்ஸும், சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் விரைந்து வந்தார். பிரிவினைக் கூட்டம் அதற்குப் பிறகு கூடவே இல்லை.

டொக்டருக்கு இப்போது முழங்கால் சரியில்லை. பழைய மாணவர் கூட்டத்துக்கும் வருவதில்லை. அவர் இல்லாமல் கேத்தலுக்குள் கை விடுவதில் ஒரு சுவாரசியமும் இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் போன் வரும்.

"எஞ் செருப்பு எங்கடா கெடக்கு?"

"மிஸ்ஸோடதுக்கும் தாஸோடதுக்கும் நடுவுல அண்ணே."

"மேல யாரும் மிதிச்சாங்களா?"

"நல்லா மிதிச்சிருக்காங்க."

"அப்ப சரி" என்று வைத்துவிடுவார்.

மாதத்துக்கு ஒரு முறை கலகெதரைக்கு அவரைப் பார்க்கப் போகிறேன். கட்டிலுக்குக் கீழே என் நீலச் செருப்பு பத்திரமாக இருக்கிறது. நான் அதைக் கேட்பதே இல்லை. கேட்டால் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.