எம்.ஆர்.ஐ. மெஷினுக்குச் 'சரிங்க' சொன்னவன்

யாராவது ஒரு வேலை சொன்னால் என் வாய் சும்மா இருக்காது. செஞ்சி கடைவீதி ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் நின்றவன் நான். "அந்த நீலத்தை எடு" என்றால் கை எழும்புவதற்கு முன்னால் "சரிங்க" வந்துவிடும். (பதில் சொல்லாமல் நின்றால் எங்க பக்கம் அதற்குப் பேர் திமிர்.)

கல்யாணத்துக்குச் சில மாசம் இருக்கையில் ஒரு காய்ச்சல். அது போன பிறகும் மூச்சு வாங்கியது. கடை மாடிப்படி ஏறினாலே செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை ஏறினவன் மாதிரி இளைத்தேன். இதயத் தசையில் வீக்கம் இருக்கலாம், ரத்தத்தை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று எம்.ஆர்.ஐ.யில் பார்க்கணும் என்றார் டாக்டர். வல்லத்தில் எனக்கு நிச்சயமான பெண்ணோட அப்பா காதுக்கு விஷயம் போயிற்று. "ரிசல்ட் வரட்டும், பத்திரிகை அப்புறம் அடிச்சிக்கலாம்" என்றவர், புதுச்சேரிக்கு என்கூடவே பஸ் ஏறிவிட்டார். கல்யாணமே நின்றுவிடுமோ என்று பயம் எனக்கு.

ஆனாலும் ஆர்வம் விடுமா? ஓயாமல் துடிக்கிறதை எப்படிப் படம் பிடிப்பார்கள்? டெக்னீஷியன் அம்மாவிடம் கேட்டே விட்டேன்.

"பல துடிப்புல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து ஒண்ணா சேர்ப்போம் தம்பி. நீங்க மூச்சைப் புடிச்சி அசையாம இருந்தா போதும்."

குழாய்க்குள் தள்ளினார்கள். ஹெட்போனில் குரல் வந்தது: "மூச்சை இழுங்க. விடுங்க. அப்படியே புடிங்க."

"சரிங்க" என்றேன்.

படம் கலங்கிப்போனது. "பேசக் கூடாது தம்பி."

"சரிங்க."

மறுபடி மூச்சு, மறுபடி "சரிங்க". உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்தேன், மூக்கு வழியாக "ம்ம்" வந்தது. முக்கால் மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் இழுத்தது. (வெளியே காத்திருந்தவர்கள் விட்ட சாபம் இன்னும் பாக்கி இருக்கும்.) கடைசியில் அந்த அம்மா, "தம்பி, நான் மெஷின்கிட்ட பேசறேன்னு நெனச்சிக்கோங்கப்பா" என்று கெஞ்சினார். அப்புறம்தான் வாய் அடங்கியது.

டாக்டர் திரையைக் காட்டினார். கையளவு சதை, சுருங்கி விரிந்தது. இவ்வளவு நாளாய் என்னைக் கேட்காமலே உழைத்த ஜீவன்! "லேசான வீக்கம்தான். தள்ளுற பலம் நல்லா இருக்குது, கல்யாணத்துக்குள்ள சரியாயிடும்" என்றார். வெட்கமில்லாமல் அழுதேன்.

பெண்ணோட அப்பா திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் மனுஷன். அங்கேயே மகளுக்குப் போன் போட்டார்:

"நெஞ்சு நல்லா இருக்குதாம்மா. அது கெடக்கட்டும் வுடு. ஒன்றரை மணி நேரமா ஒரு பொம்பள அதட்டிக்கினே இருக்குறாங்க, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல, எல்லாத்துக்கும் சரிங்குறான். இதவிட உனுக்கு இன்னா வேணும்?"

மறுநாளே பத்திரிகை அச்சுக்குப் போனது.

ஒன்பது வருஷமாச்சு. வீட்டில் நான் எதிர்த்துப் பேச வாயெடுத்தால் போதும், என் மனைவி விரலை நீட்டி, "மூச்சை இழுங்க. விடுங்க. அப்படியே புடிங்க" என்கிறாள்.

பிடித்துக்கொள்கிறேன்.