ஏழாம் நம்பர் மேல் ஒரு கண்

பாரத நாட்டின் விளையாட்டுத் துறை இன்று தலைநிமிர்ந்து நிற்கிறதென்றால், அதற்கு பெங்களூர் மர்பி டவுன்வாசியான திருவாளர் தியோடரின் முதுகெலும்பும் ஒரு காரணம். வார நாட்களில் அந்த முதுகெலும்பு ஒரு அரசு சார்ந்த அலுவலகத்தின் நாற்காலியில் ஓய்வெடுக்கும். சனி, ஞாயிறுகளில் ரேஸ் கோர்ஸின் சிமெண்டுப் படிக்கட்டில் நாட்டுக்காக உழைக்கும். ஐம்பத்தாறு வயதுவரை பஸ்ஸைப் பிடிப்பதற்காகக்கூட அவர் ஓடியதில்லை. ஓடுவது ஓடுகிறவர்களின் வேலை, போற்றுவது ஆர்வலரின் வேலை. இரண்டையும் ஒரே ஆள் பார்த்தால் நிர்வாகம் கெட்டுவிடும் என்பது அவருடைய கொள்கை.

அலுவலகப் படிவம் ஒன்றில் 'பொழுதுபோக்கு' என்ற இடத்தில் 'விளையாட்டு' என்று எழுதியிருந்தார். என்ன விளையாட்டு என்று புதிதாக வந்த மேலதிகாரி கேட்டார். ஓட்டப் பந்தயம் என்றார் தியோடர். மேலதிகாரி அவர் தொப்பையை ஒருமுறை மரியாதையுடன் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஓடுவது யார், எத்தனை காலால் என்பதையெல்லாம் அவர் விசாரிக்கவில்லை.

ஒரு காலத்தில் தியோடருக்குக் கிரிக்கெட், ஹாக்கி, கால்பந்து எல்லாவற்றிலும் பற்று இருந்தது. நாளடைவில் மனிதர்கள் விளையாடும் விளையாட்டுகள் அவருக்குச் சலித்துவிட்டன. மனிதன் பேட்டி கொடுக்கிறான், பனியன் விளம்பரத்தில் நடிக்கிறான், தோற்றால் பிட்ச் மேல் பழி போடுகிறான். குதிரை அப்படியில்லை. தோற்றாலும் ஜெயித்தாலும் கொள்ளு தின்றுவிட்டுத் தூங்குகிறது. இந்தத் துறவு மனப்பான்மைதான் தன்னைக் கவர்ந்தது என்று பாஸ்டரிடமே ஒருமுறை விளக்கியிருக்கிறார். பாஸ்டர் ஜெபம் பண்ணலாம் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

தியோடரின் குதிரைப் பந்தய ஆராய்ச்சிக் குழுவில் மேலும் இருவர் இருந்தார்கள். முதலாமவர் ஜீவனஹள்ளி இராஜமாணிக்கம். மூன்று தலைமுறையாகப் பெங்களூர், தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார், லேத் பட்டறை வைத்திருந்து மகனிடம் விட்டுவிட்டவர். குதிரையின் காதைப் பார்த்தே அதன் மனநிலையைச் சொல்லிவிடுவார். அவர் சொன்ன மனநிலை எதுவும் இதுவரை குதிரைக்கு இருந்ததில்லை. இரண்டாமவன் ஹரிஷ்குமார். நாமக்கல்லிலிருந்து வந்து தொம்மலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவன். காதையெல்லாம் நம்பமாட்டான், லேப்டாப்பை நம்புவான். ஐந்நூறு குதிரைகளின் தாத்தா பாட்டி பெயரெல்லாம் அதில் ஏற்றிவைத்திருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அல்சூர் டீக்கடையில் குழு கூடியது. காது ஒன்று சொல்ல, லேப்டாப் வேறொன்று சொல்ல, தியோடர் தலைமையுரை ஆற்றி இரண்டையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவது குதிரையைத் தேர்ந்தெடுத்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

சனிக்கிழமை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வதே நாகரிகம். முன்னொரு காலத்தில் மதுரையில் நரி பரியானது என்பார்கள். அந்தச் சனிக்கிழமை பெங்களூரில் தியோடர் நம்பிய ஐந்து பரிகளும் நத்தைகளாயின. பரியில் ஆரம்பித்தது பரிதாபத்தில் முடிந்தது. ஆனால் 'தோல்வி' என்ற சொல் குழுவின் அகராதியில் கிடையாது, 'அனுபவம்' என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு பந்தயச் சீட்டுக்கும் அரசாங்கத்துக்கு வரி கட்டியிருந்தார் தியோடர். எங்கோ பாதியில் நிற்கிற ஒரு மேம்பாலத்தில் தன் பணத்தில் ஒரு தூணாவது எழும்பியிருக்கும் என்ற தேசபக்தியுடன் வீடு திரும்பினார்.

வீட்டில் மனைவி டோரீன் காத்திருந்தார்.

டோரீன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயது ஐம்பத்திரண்டு. போன வருடம் டாக்டர் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொன்னதிலிருந்து, விடிந்ததும் அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். அதே பள்ளியின் பி.டி. டீச்சர் லவினா ஒருநாள் அவர் நடையைப் பார்த்துவிட்டு, இது சர்க்கரைக்கு நடக்கிற நடை இல்லை, பந்தயத்துக்கு நடக்கிற நடை என்றார். எட்டு மாதம் விடாமல் பயிற்சி கொடுத்தார். முழங்கை எப்படி மடங்கவேண்டும், குதிகால் எப்படித் தரையில் பதியவேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொடுத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கண்டீரவா ஸ்டேடியத்தில் மூத்தோர் தடகளப் போட்டி. ஐம்பது வயது தாண்டிய பெண்களுக்கான மூவாயிரம் மீட்டர் நடைப் போட்டியில் டோரீன் பெயரைக் கொடுத்திருந்தார் லவினா.

இந்த எட்டு மாதமும் தம் மனைவி காலை ஆராதனைக்குப் போய்வருவதாகவே தியோடர் நம்பிக்கொண்டிருந்தார். ஆராதனைக்குப் போகிறவர் ஏன் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, நனைந்த துணிபோல வேர்த்துத் திரும்புகிறார் என்று அவர் யோசிக்கவில்லை. பந்தயக் குதிரைகளின் வேர்வையைப் படிப்பதற்கே அவருக்கு நேரம் போதவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் டோரீன் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஏரி, லவினா, எட்டு மாதம், ஸ்டேடியம், வெட்கம், பயம், எல்லாம். நாலு நிமிடம் பேசியிருப்பார். ஒத்திகை பார்த்துவைத்த பேச்சு. தியோடர் மறுநாளைய ரேஸ் புத்தகத்தில் மூழ்கி, சரியான இடங்களிலெல்லாம் "ஹூம்" கொட்டினார். அந்த நாலு நிமிடத்தில் அவர் காதுக்குள் போய்ச் சேர்ந்தவை கடைசி மூன்று வாக்கியங்கள்தான்.

"நாளைக்கு மூணரைக்கு ரேஸ். எனக்கு ஏழாம் நம்பர் வந்திருக்கு. நீங்க வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

தியோடர் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் ரேஸ் என்ற சொல்லை டோரீன் பல்லைக் கடிக்காமல் உச்சரித்தது அதுவே முதல் தடவை. புத்தகத்தைப் பார்த்தார். மூன்றரை மணிக்கு நான்காவது பந்தயம் இருந்தது. ஏழாம் நம்பரும் இருந்தது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஜெபத்தில் முழங்கால் தேய்ந்த ஒரு ஸ்திரீக்கு மேலிருந்து நம்பர் 'வந்திருக்கிறது'.

"நிச்சயமா வரும்மா?" என்று கேட்டார். குதிரையைப் பற்றித்தான் கேட்டார்.

"வரணும். முதல் மூணுக்குள்ள வந்தாப் போதும்னு லவினா சொல்றாங்க," என்றார் டோரீன்.

லவினாவுக்கும் இந்த வரம் கிடைத்திருப்பதை எண்ணி வியந்த தியோடர், நாளைக்கு முதல் ஆளாக அங்கே நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தார். டோரீன் கண்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டோரீன் லவினாவின் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். பாட்டுப் பயிற்சியாக இருக்கும் என்று தியோடர் தாமே முடிவுசெய்துகொண்டு ரேஸ் கோர்ஸுக்குக் கிளம்பினார்.

ஏழாம் நம்பர் குதிரையைக் குழு மேலும் கீழும் பார்த்தது. வயதான குதிரை. கடந்த எட்டுப் பந்தயங்களில் ஒன்றில்கூட முதல் ஆறுக்குள் வந்ததில்லை. பந்தயத்துக்கு முன் சுற்றிக் காட்டுகிற இடத்தில் அது நின்றபடியே கண்ணயர்ந்துகொண்டிருந்தது.

"இன்னா தியோ, சும்னே தமாஷ் பண்றியா?" என்றார் இராஜமாணிக்கம். "காதைப் பாரு, தொங்கிப் போச்சு. அது மனசு ஊருக்குப் போயிடுச்சு."

லேப்டாப்பின் கணக்குப்படி இந்தக் குதிரை ஜெயிப்பதற்கும் தன் மேனேஜர் தனக்கு லீவு கொடுப்பதற்கும் ஒரே அளவு வாய்ப்புதான் என்றான் ஹரிஷ்குமார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "அங்கிள், ஆன்ட்டிக்குக் குதிரையைப் பத்தி ஒண்ணுமே தெரியாதே?"

"அதனாலதான் நம்பணும்," என்றார் தியோடர். "தெரிஞ்சவங்க நாம மூணு பேர். நேத்து என்ன ஆச்சு?"

தியோடர் பர்ஸைக் கவிழ்த்தார். புது வாஷிங் மெஷினுக்கு என்று ஒதுக்கிவைத்திருந்ததும் அதில் இருந்தது. இராஜமாணிக்கம் காதை மறந்தார். ஹரிஷ்குமார் லேப்டாப்பை மூடினான். மூன்று பேரும் ஏழாம் நம்பர் மேல் பணம் கட்டினார்கள்.

மூன்று மணி இருபது நிமிடத்துக்குத் தியோடரின் போன் அடித்தது. டோரீன். இரண்டு பக்கமும் ஒலிபெருக்கிச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல்.

"வந்துட்டீங்களா?" என்று கத்தினார் டோரீன்.

"எப்பவோ வந்துட்டேன்," என்று பதிலுக்குக் கத்தினார் தியோடர். "நீ கவலைப்படாதே. ஏழாம் நம்பர் மேலதான் என் கண்ணு."

டோரீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லாத மனுஷர். "சரிங்க," என்று மட்டும் சொல்லி டோரீன் போனை லவினாவிடம் கொடுத்துவிட்டுக் கோட்டில் போய் நின்றார்.

மூன்றரைக்கு ரேஸ் கோர்ஸில் குதிரைகள் நின்ற கூண்டுகளின் கதவு திறந்தது. தியோடர் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு கூவினார். முப்பது வருட விளையாட்டு ஆர்வத்தில் அவர் தொண்டை அப்படித் திறந்ததே இல்லை. "ஏழு, விடாதே" என்றார். "என் தங்கமே" என்றார். "முழங்காலைத் தூக்கு" என்று யோசனையும் சொன்னார். முன்பின் தெரியாதவர்கள்கூட நெகிழ்ந்துபோய் அவரோடு சேர்ந்து ஏழு ஏழு என்று கூவினார்கள். ஒரு உயிர் இன்னொரு உயிருக்காக இப்படிக் கூவி நான் கேட்டதில்லை என்று இராஜமாணிக்கமே பிறகு சொன்னார்.

ஏழாம் நம்பர் கடைசியாக வந்தது. அதற்கு முன்னால் வந்த குதிரைக்கும் அதற்கும் நடுவே ஒரு கல்யாண ஊர்வலமே போயிருக்கலாம்.

அங்கிருந்து ஆட்டோவில் கால் மணி நேரத் தூரத்தில், அதே நேரத்தில், இன்னொரு ஏழாம் நம்பர் ஏழரைச் சுற்று நடந்துகொண்டிருந்தது. அதற்காகக் கூவ லவினா ஒருவர்தான் இருந்தார்.

தியோடர் ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தார். வழி நெடுக ஒரு விசாரணைக் கமிஷனுக்குரிய கேள்விகளைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். டோரீன் கூடத்தில், வெந்நீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பில் இரண்டு பாதங்களையும் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். முகம் வெயிலில் கன்றியிருந்தது.

"டோரீன், உன் ஏழு கடைசியா வந்துச்சு," என்றார் தியோடர், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"யார் சொன்னது? ரெண்டாவது."

"கடைசி. நான் என் கண்ணால பாத்தேன்."

டோரீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். டப்பில் தண்ணீர் தளும்பியது.

"அப்போ நிஜமாவே வந்தீங்களா? எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீங்க? ஒவ்வொரு சுத்துலயும் தேடினேனே. கூட்டமே இல்ல, அப்படியும் உங்களக் காணோம். கண்ணாடி இல்லாததால தெரியலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அப்போதுதான் தியோடர் நாற்காலியின் முதுகைப் பார்த்தார். அதில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. சட்டையில் நாலு ஊக்குகள். ஊக்குகளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் துணி. துணியில் 7. மேஜைமேல் வாழைப்பழத் தட்டுக்குள் ஒரு வெள்ளிப் பதக்கம் கிடந்தது. நேற்றைய நாலு நிமிடமும், ஏரியும் லவினாவும் ஸ்டேடியமும், ஒவ்வொன்றாக அவர் காதுக்குள் இப்போதுதான் வந்து சேர்ந்தன.

ஒரு பொய் சுலபமாக இருந்தது. வடக்குப் பக்கம் மேல்வரிசை என்று சொல்லிவிடலாம். டோரீன் நம்பத் தயாராக, கொஞ்சம் சிரித்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தியோடர் வாயைத் திறந்தார், மூடினார். இரண்டாம் தடவை திறந்தபோது,

"நான் பாத்தது வேற ஏழு," என்றார்.

டோரீனுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. கணக்கு டீச்சர். தியோடரின் சட்டைப்பையில் எட்டிப்பார்த்த ரேஸ் சீட்டைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அணைந்தது. கோபப்படவில்லை. பக்கத்துக் கொடியிலிருந்து துண்டை இழுத்து ஒரு காலைத் துடைத்தார், பிறகு இன்னொரு காலை. குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

ஏதாவது பேசவேண்டும் என்று தியோடருக்குத் தோன்றியது. எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று கேட்டார். பதினோரு பேர் என்றார் டோரீன். தரை எப்படி இருந்தது என்று கேட்டார். கெட்டியாக இருந்தது என்றார். முதலில் வந்தவருக்கும் உனக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டார். கேட்ட பிறகுதான், குதிரையைப் பற்றிக் கேட்கிற அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்கே உறைத்தது.

"சத்தியமா டோரீன்," என்றார். "உன் போட்டின்னு தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன். நான் எவ்வளவு பெரிய விளையாட்டு ஆர்வலர்னு உனக்கே தெரியும்."

டோரீன் துண்டை மடித்தார். டப்பை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"தெரிஞ்சிருந்தா இல்லீங்க," என்றார். "என் மேல பணம் கட்டலாம்னு இருந்திருந்தா வந்திருப்பீங்க."