செத்தவன் துப்பாக்கியும் ஒரு காபி டப்பாவும்

டவுனோ செத்த மறுநாள் காலை, காபியைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி அவனை ஜெயித்தே தீருவது.

அவன் உயிரோடு இருந்தவரை அது முடியவில்லை. குறுக்கே நின்றுகொண்டே இருந்தான். இப்போது நிற்க ஆள் இல்லை.

எல்லாம் ஒரு மானால் வந்தது. பெரிய கொம்புமான். நான்தான் முதலில் சுட்டேன். குண்டு தோளில் பட்டது. அது சதுப்பைத் தாண்டி ஓடி, டவுனோ மறைந்து உட்கார்ந்திருந்த மரக்கூண்டுக்கு நேராகப் போய் நின்றது. அவன் இன்னொரு குண்டு போட்டான். விழுந்தது. எங்கள் ஊரில் மான் முதலில் சுட்டவனுக்கு என்று ஒரு கட்சி, விழவைத்தவனுக்கு என்று ஒரு கட்சி. அன்றைக்கு மதுக்கடையில் இருந்த அத்தனை பேரும் இரண்டாவது கட்சி. டவுனோ எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்திருந்தான். நான் கொடுக்கவில்லை. நியாயம் என் பக்கம் இருக்கும்போது பீர் எதற்கு?

அதோடு அவனோடு பேச்சை நிறுத்தினேன். அவன் சாவுக்கும் போகவில்லை. என் மனைவி லெம்பி போய்விட்டு வந்தாள்.

"எப்படி இருந்தான்?" என்று கேட்டேன்.

"செத்தவன் மாதிரி இருந்தான். நீயும் வந்து பார்த்திருக்கலாம்ல?"

"என் சாவுக்கு அவன் வந்திருப்பானா?"

"வந்திருப்பான்யா. முதல் ஆளா வந்து, ரொட்டியெல்லாம் தின்னுட்டுத்தான் போயிருப்பான்."

என் திட்டம் சுலபமானது. அவன் துப்பாக்கியை வாங்குவது. நவம்பர் பதினைந்து, வேட்டை திறக்கும் முதல் நாள், அவன் கூண்டில் போய் உட்காருவது. அவன் சதுப்பில், அவன் துப்பாக்கியால், ஒரு கொம்புமானை அடிப்பது. முதல் குண்டும் என்னுடையது, கடைசிக் குண்டும் என்னுடையது. எந்தக் கட்சி என்ன பேசும்?

அக்டோபரில் அவன் விதவை ஸில்வி கொட்டகையைத் திறந்து அவன் சாமான்களை விற்பனைக்கு வைத்தாள். துப்பாக்கி சுவரில் சாய்ந்திருந்தது. பழைய லீவர் துப்பாக்கி. கட்டையில் அவன் கன்னம் பட்டுப் பட்டு ஓர் இடம் வழுவழுவென்று ஆகியிருந்தது. ஸில்வி என் முகத்தைப் பார்க்காமல் காசை வாங்கிக்கொண்டாள். வண்டியில் வைத்த பிறகுதான் எனக்குத் தோட்டா ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன்.

"தோட்டா எங்க ஸில்வி?"

"அது சமையல் சாமான் மேஜையில ஒரு டப்பாவுல இருந்துச்சுங்க. காலையிலயே போயிடுச்சு."

"யாரு வாங்கினாங்க?"

"யாரோ ஒரு பொம்பளை" என்றாள், பார்வையைத் திருப்பிக்கொண்டு.

போகட்டும், கடையில் கிடைக்கும் என்று நினைத்தேன். துப்பாக்கி வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது குழலில் கொத்தியிருக்கும் தோட்டா அளவு எண்ணை. நான் பார்த்தது டவுனோவின் கன்னத்தடத்தை. கடைக்காரன் ஆர்னி எண்ணைப் படித்தான். சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தான்.

"முந்நூற்று நாற்பத்தெட்டா? இதைக் கடைசியா என்கிட்ட கேட்டது டவுனோதான் ஆர்வோ. அவனுக்கே இல்லேன்னுட்டேன்."

"வேற அளவு ஏதாவது போட்டா?"

"போடலாமே. வெடிக்கும். மானுக்கு இல்ல, உன் மூஞ்சிக்கு."

அறுபது மைல் சுற்றுவட்டாரத்தில் ஒரு கடை விடவில்லை. ஒரு கடையில் துப்பாக்கியை விற்றுவிடச் சொன்னார்கள். இன்னொன்றில், தோட்டாவோடு வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். தோட்டா இல்லாத துப்பாக்கி தடி. அதுவும் நல்ல தடி இல்லை, ஊன்றி நடந்தால் வழுக்குகிறது.

வீட்டுக்கு வந்தேன். லெம்பி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அடுப்புக்கு மேல் பலகையில் புதிதாக ஒரு பழைய காபி டப்பா. எடுத்துக் குலுக்கினேன். கடகடவென்றது.

"கீழ வை" என்றாள்.

"நீதானா அந்தப் பொம்பளை!"

"நானேதான்."

"நான் துப்பாக்கி வாங்கப்போறது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ தூக்கத்துல பேசுவ. 'டவுனோ, உன் துப்பாக்கி என்கிட்ட, இப்ப என்ன சொல்றே'ன்னு. பாவம், அந்த மனுஷன் செத்தும் பதில் சொல்ல வேண்டியிருக்கு."

"டப்பாவைக் குடு."

"குடுக்கறேன். ஸில்வி வீட்டு முற்றத்துல விறகு கிடக்கு. அறுக்காம, பிளக்காம. இன்னும் கொஞ்ச நாள்ல பனி விழுந்துடும். அத்தனையும் பிளந்து, கொட்டகைச் சுவரோரம் அடுக்கி முடிச்சுட்டு வா. டப்பா உனக்கு."

"அவன் விறகை நான் பிளக்கறதா?"

"அவன் துப்பாக்கி மட்டும் கசக்கலையா?"

போனேன். வேறு என்ன செய்வது?

முற்றத்தில் கட்டைகள் கிடந்தன. ஒரு மேப்பிள் கட்டையில் ரம்பம் பாதி அறுத்தபடி நின்றது. அறுத்துக்கொண்டே அவன் விழுந்து செத்த அன்றைக்கு நின்றது. யாரும் எடுக்கவில்லை. ஸில்வியால் அதைத் தொட முடியவில்லை, மற்றவர்களுக்கு வேட்டைக் குடிசையைத் தயார் செய்யும் வேலை. பல்லில் துரு ஏறியிருந்தது. இழுத்தேன், வரவில்லை. திட்டிக்கொண்டே இழுத்தேன். செத்த பிறகும் விட்டுக்கொடுக்காதவன். கடைசியில் அவன் விட்ட இடத்திலிருந்தே அறுத்து முடித்தேன். வேறு வழியில் அது வெளியே வராது.

ஸில்வி ஜன்னலில் நின்று பார்த்தாள். அழுதாளா தெரியவில்லை, கண்ணாடி முழுக்க ஆவி. பிறகு காபி கொண்டுவந்தாள்.

"உள்ள வாங்களேன்."

"வேணாம். அடுக்கணும்."

"இதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம். லெம்பிகிட்ட சொல்லிடு, நான் வந்தேன்னு."

முதுகு போயிற்று. உள்ளங்கை போயிற்று. நவம்பர் பதினான்கு இருட்டும்போது ஒரே ஒரு வரிசை பாக்கி. லெம்பியிடம் கெஞ்சினேன்.

"ஒரு வரிசைதானே? நாளைக்கு வேட்டை முடிஞ்சு வந்து அடுக்கறேன்."

"வேட்டை முடிஞ்சா நீ சாவுனாவுல, அந்த ஆவிக் குளியல் அறையில படுத்துக்குவ. சூட்டைவிட்டு எழுந்திருக்க மாட்ட. காலையில அடுக்கிட்டு வா, டப்பா மேஜை மேல இருக்கும்."

வெளுப்பதற்கு முன்பே ஸில்வி முற்றத்தில் நின்றேன். பனி தூறிக்கொண்டிருந்தது. கை மரத்துப்போக அடுக்கினேன். இன்னும் நாலைந்து கட்டைகள்தான். அப்போது சதுப்புப் பக்கம் ஒரு வெடி.

மற்ற துப்பாக்கிகள் படீர் என்னும். இது அடிவயிற்றில் இடித்தது. இந்த வட்டாரத்தில் அப்படி இடிக்கும் துப்பாக்கி ஒன்றுதான், அதை நான் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஸில்வி காபிப் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"அவர் துப்பாக்கி" என்றாள்.

கட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான். டவுனோவின் கூண்டுக்கு முன்னால், பனியில், ஒரு கொம்புமான் கிடந்தது. பக்கத்தில் முழங்கைவரை ரத்தத்தோடு லெம்பி குடலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட லைசென்ஸ் இருக்கா?" மூச்சு வாங்கியது. வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"இருக்கு. உனக்கு எடுக்கப் போன அன்னைக்கே எனக்கும் எடுத்துட்டேன்."

"இது அவங்க நிலம்."

"ஸில்விகிட்ட கேட்டேன், சரின்னா. நீ கேட்டியா? திருட்டுத்தனமா வந்து உட்காரலாம்னுதானே இருந்த?"

மான் கொம்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"சரி, மிச்சத் தோட்டாவைக் குடு."

"மிச்சமா? இருந்ததே ஒண்ணு."

"டப்பா கடகடன்னுச்சே!"

"அது பட்டன். ஸில்வி தையல் டப்பா. காலைப் பிடி, இழுக்கணும்."

பிடித்தேன். மானை ஸில்வி கொட்டகையில்தான் தொங்கவிட்டோம், நான் அடுக்கிய விறகுக்கு எதிரே. இறைச்சி அவளுக்கு. வெடிச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டிருந்தது. மத்தியானத்துக்குள் ஒவ்வொரு வண்டியாக வந்தது. ஆர்னி வந்தான், மதுக்கடையின் இரண்டாவது கட்சி முழுசாக வந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு மானைச் சுற்றி நின்றார்கள்.

"யாரு அடிச்சது?" என்றான் ஆர்னி.

நான் வாயைத் திறந்தேன். பாதி மானுக்காவது உரிமை கேட்கலாம் என்றிருந்தேன். உழைப்பு என்று ஒன்று இருக்கிறதே.

லெம்பி முந்திக்கொண்டாள். ஸில்வியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"டவுனோ."

சாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஸில்வி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஆர்னி என் பக்கம் திரும்பி, விறகைக் காட்டி, இதுவும் அவன் அடுக்கியதுதானே என்று கேட்டான்.