உலக ஏழ்மை படிக்கும் தம்பி

சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு எங்கள் தீவுகளுக்கு என்னென்னவோ வந்து சேர்ந்தன. குளிர்பான லொறி வந்தது, வெள்ளைக்காரர் ஏறிய ஜீப் வந்தது, கைத்தொலைபேசி வந்தது. கூடவே வந்த ஒருவரைப் பற்றி மட்டும் இன்னும் யாரும் எழுதவில்லை. அவர்தான் உலக ஏழ்மை படிக்கும் தம்பி.

கம்பஸில் அபிவிருத்திப் பொருளியல் என்றொரு பாடம் இருக்கிறது. நாடுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு அதில் மூன்றாம் வருடத்தில்தான் வரும். முதல் இரண்டு வருடமும் ஆள் மனிதராகத்தான் இருப்பார். அதற்குப் பிறகு வேலணை பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே, உலகத்தில் யார் இருக்கையில் இருக்கிறார்கள், யார் தொங்குகிறார்கள் என்று கொண்டக்டருக்கு விளக்குவார். மண்கும்பான் கடற்கரைக்குக் குளிக்கப் போய்க் குளிக்காமல், தடியெடுத்து மணலில் வில் மாதிரி ஒரு கோடு கீறி, உலகச் செல்வம் எப்படிக் கோணலாகப் பிரிந்து கிடக்கிறது என்று காட்டுவார். அலை வந்து அழித்தால் இன்னொன்று கீறுவார். குசினியிலிருந்து தாய் தேங்காய் முடிந்துவிட்டது என்றால், உலகத்தில் எதற்கும் தட்டுப்பாடு இல்லை, பகிர்வில்தான் பிழை என்பார். சொல்லிக்கொண்டே மீன்தலை தன் சாப்பாட்டுக் கோப்பைக்கு வந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்வார்.

ஆபிரிக்காவின் ஏழ்மையை விடியவிடியப் பேசுவார். சொந்த வீட்டு ஏழ்மை? அது பாடத்திட்டத்தில் இல்லை.

நம்பாதவர்கள் அப்படியான தம்பிகளில் ஒருவரான கரம்பொன் டிலோனின் கதையைக் கேளுங்கள். தகப்பன் கிறிஸ்தோப்பரின் வள்ளம் இடப்பெயர்வோடு போனது. அன்றிலிருந்து மனிசன் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குத்தான் மீன்பிடிக்கப் போகிறார். தங்கை மேரிசுகந்திக்கு அதே ஊரில் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு தொண்டு நிறுவனம், மிக ஏழையான குடும்பங்களுக்கு வள்ளமும் வலையும் தருகிறோம், ஆளைத் தெரிவுசெய்யும் வேலையைப் படித்த பிள்ளை செய்யட்டும் என்று டிலோனிடம் விட்டது. தாய் சூசையம்மா அன்றே மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார். வீட்டுக்கு மறுபடி ஒரு வள்ளம் வரப்போகிறதே!

டிலோன் கோயில் மண்டபத்துத் தரையில் சோக்கால் மூன்று வட்டம் கீறினார். ஏழை, நடுத்தரம், வசதி. வீட்டுக்கொரு புளியங்கொட்டை கொடுத்து, அவரவர் தங்கள் வட்டத்தில் வைக்கவேண்டும் என்றார். இதற்குப் பங்கேற்பு முறை என்று பெயராம். பிறகு ஒரு பிரசங்கம் வைத்தார், பாருங்கள், பாதிரியாரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வறுமை உங்கட குற்றமில்லை. அது அமைப்பின்ர குற்றம். ஒருத்தரும் வெக்கப்படாமல் வையுங்கோ.”

சூசையம்மா வெட்கப்படவில்லை. நேரே போய் ஏழை வட்டத்துக்கு மேலே குனிந்தார். டிலோனின் கண் முன்வரிசைக் கதிரைக்குப் போனது. அங்கே தங்கைக்குப் பேசிய மாப்பிள்ளையின் தாய், மேரிஜோசப்பின் என்பவர், காலுக்குமேல் கால் போட்டுக்கொண்டிருந்தார். டிலோனின் முகம் வெளிறிவிட்டது.

“அம்மா, நடுவில வையுங்கோ.”

“வள்ளம் வேண்டாமோ தம்பி?”

“வையுங்கோ அம்மா. ஆக்கள் பாக்கினம்.”

பார்த்துக்கொண்டிருந்த ஆட்களில் டிலோன் வீட்டு நிலைமை தெரியாத ஒருவர் இருந்திருந்தால் காட்டுங்கள். சூசையம்மா மகனை ஒருதரம் பார்த்தார். கொட்டையை நடு வட்டத்தில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபத்துக்குப் பெடியனை நாலு கேட்டிருப்பேன். பாவமாகவும் இருந்தது, கேட்கவில்லை.

அடுத்து எழுந்தவர் மேரிஜோசப்பின். மூத்த மகன் பிரான்சில், வீட்டுக்குப் புது ஓடு, கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. மனிசி சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுத் தன் கொட்டையை ஏழை வட்டத்தின் நட்டநடுவில் வைத்தார். மக்கள் தாமே சொல்வதுதான் சரி என்று முறை சொல்லுகிறதே, டிலோன் என்ன செய்வார்? எழுதிக்கொண்டார்.

வள்ளம் மேரிஜோசப்பின் வீட்டு வாசலில் இறங்கியது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது மனிசி சூசையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கள் நடுத்தரம் எண்டு உங்கட மகனே சொன்னவர். சீதனத்தை இன்னும் கொஞ்சம் கூட்டலாம்தானே?”

கல்யாணம் தள்ளி நிற்கிறது. கிறிஸ்தோப்பர் இப்போது அந்தப் புது வள்ளத்தில்தான் கூலிக்குப் போகிறார். டிலோனுக்குக் கம்பஸ் சோதனையில் நல்ல பெறுபேறு. தீவக மக்கள் தங்கள் வறுமையை ஏன் ஒளிக்கிறார்கள் என்ற அவருடைய ஆய்வுக்கட்டுரையைப் பேராசிரியர் வெகுவாகப் பாராட்டினாராம்.

சிரிக்கிறீர்களா? நல்லாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் கையை நீட்டுங்கள், உங்களுக்கும் ஒரு புளியங்கொட்டை தருகிறேன். மூன்று வட்டமும் கீறியாயிற்று. முன்வரிசையில் உங்கள் சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று. வெட்கப்படாமல் வையுங்கள். ஏன், கை நடுவில் போய் நிற்கிறது? சரி, சரி, அவசரப்படாமல் ஆறுதலாக வையுங்கோ. ஆக்கள் பாக்கினம்.