சாரத்தோடு நிற்கும் படத்தை நிறுத்தக் கோரி

ரூஜ், ஸ்காபரோ, கனடா
புதன்கிழமை

பெருமதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் விநாயகமூர்த்தி அண்ணை அவர்களுக்கு,

தாங்களும் குடும்பத்தாரும் இந்தக் குளிரிலும் சளி, காய்ச்சல் இன்றி இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். எனக்குத்தான் சுகமில்லை. காரணம், வெள்ளிக்கிழமை தங்கள் பத்திரிகையில் வரப்போகும் ஒரு படம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய மாணவர் சங்கத் தலைவர் தேர்தல். நானும் செந்தில்நாதனும் போட்டியிடுவது தாங்கள் அறிந்ததே. அந்தப் படம் வெளிவந்தால் என் வாக்கைத் தவிர எனக்கு வேறு வாக்கு விழாது.

நடந்ததைச் சொல்கிறேன். என் மகள் நதீஷாவுக்குப் பல்கலைக்கழகத்தில் புத்ரி என்று ஓர் இந்தோனேசியச் சிநேகிதி. அவளைச் சந்தித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஜகார்த்தா நேரம்தான் ஓடுகிறது. பனங்கட்டி போட்ட ஐஸ் கோப்பியாம், அதைக் குடிக்கமுன் படம் எடுக்க வேண்டுமாம். நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடித்தபோது ஒருவரும் படம் எடுக்கவில்லை. கூட்டமாக மணிக்கணக்கில் சும்மா குந்தியிருப்பதற்கு 'நொங்க்ரொங்' என்று பெயராம். நான் குந்தியிருந்தால் மட்டும் "அப்பா, ஜிம்முக்குப் போங்கோ" என்பாள். இதையெல்லாம் பொறுத்தேன். கடைசியில் வந்தது துணி. அங்கே இளசுகள் வீட்டிலுள்ள, மெழுகுச் சாயம் போட்ட பழைய பத்திக் துணியை இடுப்பில் சுற்றி, மேலே ரீசேட், கீழே சப்பாத்து என்று ரயிலேறி ஊர் சுற்றுகிறார்களாம். உன் வீட்டில் என்ன துணி இருக்கிறதோ அதைக் கட்டு என்று புத்ரி சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? என் சாரம், இந்தியாக்காரர் லுங்கி என்பது!

அண்ணை, சாரம் வீட்டுக்குள் கட்டுவது. குப்பைப் பெட்டியை வெளியே வைக்கக்கூட நான் காற்சட்டை மாற்றுகிறவன். போன சனிக்கிழமை மனைவி அன்ரனெற் குசினியிலிருந்து, "இஞ்சேருங்கோ, உவள் உங்கட நீலச் சாரத்தைக் கட்டிக்கொண்டு மோலுக்குப் போட்டாள்!" என்று கத்தினாள். சங்கத்து ஆட்கள் பாதிப்பேர் சனிக்கிழமைகளில் அந்த மோலுக்குள்தான் நடைப்பயிற்சி! ஜக்கெற்றை மாட்டினேன், சப்பாத்தைக் கொழுவினேன், காரை விட்டேன், பனிக்குள் விழுந்தெழும்பி ஓடினேன், கோப்பிக் கடை வாசலில் அவளைப் பிடித்து, "வெக்கமில்லையே உனக்கு? சாரத்தோடை ஊர் சுத்திறாய்!" என்று கத்தினேன். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பச்சைக் கட்டம் போட்ட சாரம். வந்த அவதியில் காற்சட்டையை மறந்துவிட்டேன்.

மகளோடு நின்ற புத்ரி கைதட்டினாள். "அங்கிள், சூப்பர் ஸ்டைல்!" என்று அவள் சொல்ல, கூட்டமே தட்டியது. மகள் என் தோளில் கைபோட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நேரம் பார்த்துத் தங்கள் படப்பிடிப்பாளர் கீதன் எங்கிருந்துதான் முளைத்தானோ, எங்கள் இரண்டு பேரையும் படமெடுத்துவிட்டான்! "அங்கிள், வெள்ளிக்கிழமை முன்பக்கம்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து மகளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அன்றிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை. என் சாரங்களைத் தோய்த்து மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டாள். அதில் ஒன்றையும் நான் இன்னும் எடுத்துக் கட்டவில்லை அண்ணை, பொய் சொல்லவில்லை. ஆனாலும் தேர்தல் தேர்தல்தான். செந்தில்நாதன் இந்தப் படத்தைப் பிறம்ரன் நகர் வரைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவான். தயவுசெய்து நிறுத்துங்கள். மறுத்தால் வக்கீலோடு வருவேன். தங்கள் பத்திரிகையை இனிக் கையாலும் தொடமாட்டேன், அது இலவசம் என்றாலும்.

தங்கள் அச்சு இயந்திரம் பழுதின்றி ஓடவும், விளம்பரங்கள் பெருகவும், வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் மை குறையவும் ஆண்டவரை மன்றாடும்,

ம. அமிர்தநாதர்

பி.கு.: இதை உறையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட, மகள் வாசலில் வந்து நின்றாள். "அப்பா, அந்தப் படத்தை நிப்பாட்டாதேங்கோ. நான் வளந்தாப் பிறகு நீங்களும் நானும் மட்டும் நிண்டு எடுத்த படம் வேறை ஒண்டும் இல்லை" என்றாள். யோசித்துப் பார்த்தேன். இல்லைத்தான். படத்தைப் போடுங்கோ அண்ணை. பெரிசாப் போடுங்கோ, கால் வெட்டுப்படாமல். இடம் காணாதெண்டால் நான் காசு கட்டின என்ர தேர்தல் விளம்பரத்தைத் தூக்கிவிடுங்கோ.